சி டிரைவ் சிவந்த பிறகு: வெயிலூரில் லேப்டாப்புக்கு வெளியே இடம் தேடுவது

விண்டோஸில் சி டிரைவுக்குக் கீழே இருக்கும் நீலப் பட்டை சிவப்பாகிறது என்றால், காலி இடம் பத்து சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது என்று பொருள். காட்பாடியில் பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு இது இரண்டாம் வருடத்திலேயே வந்துவிடும். வேலூர் சத்துவாச்சாரியில் கல்யாண ஆல்பம் செய்கிற ஸ்டுடியோவுக்கு இரண்டு முகூர்த்த மாதம் போதும். அடுத்த நாள் கடையில் போய், "அண்ணே, ஒரு டிபி ஹார்டு டிஸ்க் கொடுங்க" என்று கேட்பதோடு கதை முடிந்ததாகத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த ஃபைல் கேபிளுக்கு உள்பக்கம் இருக்க வேண்டும், எது வெளிப்பக்கம் போகலாம்? அஞ்சறைப்பெட்டியை யாரும் பரணில் ஏற்றுவதில்லை. பொங்கல் பானையை அடுப்படியில் வைத்து இடத்தை அடைப்பதும் இல்லை. தினமும் தொடுகிற ஃபைல், மாதம் ஒரு தரம் தொடுகிற ஃபைல், தொடவே தேவையில்லாமல் பத்திரமாக இருந்தால் போதும் என்கிற ஃபைல் ஆகிய மூன்றுக்கும் வேண்டிய டிரைவ் ஒன்றல்ல. இதோடு ஊரின் வெயிலும் கரண்ட்டும் சேர்ந்துகொள்கின்றன. வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வது இந்த விஷயத்தில் கேலி அல்ல.

முதலில் ஒரு கணக்கு. 512 ஜிபி என்று எழுதி விற்ற லேப்டாப்பில் விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதே கணக்கில் 1 டிபி என்பது 931 ஜிபி. 2 டிபி என்பது 1.81 டிபி. உள்ளே இருக்கும் 476இல் விண்டோஸ், அப்டேட்டுகள், ஆபீஸ், மற்ற சாஃப்ட்வேர் எல்லாம் போக மிச்சம்தான் நமக்கு. ஒரு கல்யாணத்தில் 3,000 படங்களை ரா என்கிற கேமராவின் மூல வடிவில் எடுத்தால், படம் ஒன்று 25 எம்பி என்றாலும் 75 ஜிபி. 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) எடுக்கும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. முகூர்த்தம், வரவேற்பு இரண்டையும் எடுத்தால் ஒரே கல்யாணம் 300 ஜிபியை எட்டிவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு முறை வீட்டைக் கூட்டிப் பார்ப்பது நல்லது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். எது எவ்வளவு தின்கிறது என்று அங்கே தெரியும். பெரிய அப்டேட் வந்த பிறகு பழைய விண்டோஸின் நகல் பல ஜிபிக்கு உட்கார்ந்திருக்கும். டெம்ப்ரரி ஃபைல்ஸ் பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். அவசரத்தில் அதையும் டிக் செய்துவிட்டு ஆதார் நகலைத் தேடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்றையும் முதலில் பாருங்கள்: லேப்டாப்புக்கு உள்ளேயே இடம் இருக்கலாம். பல மாடல்களில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ டிரைவைச் செருகும் இடம்) காலியாகக் கிடக்கும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகளில் பலவும் 2.5 அங்குல சாட்டா (டிரைவை லேப்டாப்போடு இணைக்கும் பழைய முறை) ஹார்டு டிஸ்க் கொண்டவை. அந்த டிஸ்கைக் கழற்றி அங்கே ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் எழுதும் டிரைவ்) போட்டால் மெஷினுக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். கழற்றிய டிஸ்கை யூஎஸ்பி கேஸில் போட்டால் அதுவே வெளி டிரைவ். டிவிடி டிரைவ் இருக்கும் பழைய லேப்டாப் என்றால், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேடி என்கிற சட்டத்தைப் பொருத்தி அதில் பழைய டிஸ்கைச் செருகலாம். கேடி 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரண்டு கனத்தில் வரும். அளக்காமல் வாங்கினால் உள்ளே போகாது.

போர்ட்டில் தொடங்குகிறது வேகம்

வெளி டிரைவ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் துளைக்குள் போகிற வேகம்தான் கிடைக்கும். யூஎஸ்பி 2.0இன் பெயரளவு வேகம் 480 எம்பிபிஎஸ். கையில் கிடைப்பது நொடிக்கு 30 முதல் 40 எம்பி. 2008இல் வந்த யூஎஸ்பி 3.0 தருவது 5 ஜிபிபிஎஸ். நடைமுறையில் 400 எம்பிக்கு மேல். 10 ஜிபிபிஎஸ் போர்ட்டில் 1,000 எம்பி அளவுக்குப் போகலாம். 100 ஜிபியை நகர்த்த 2.0 போர்ட்டில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், 3.0 போர்ட்டில் எஸ்எஸ்டி இருந்தால் நான்கு நிமிடம்.

இதில் குழப்பத்தை உண்டாக்கியது பெயர் மாற்றம். 3.0 என்றிருந்ததை 3.1 ஜென் 1 என்றார்கள், பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் அதே 5 ஜிபிபிஎஸ்தான். டப்பாவில் 3.2 என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பி எதுவும் முடிவு செய்யாதீர்கள். 5, 10, 20 என்ற எண் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். டைப் சி என்பதும் துளையின் வடிவம் மட்டுமே. டைப் சி துளைக்குள் 2.0 வேகம் ஓடும் லேப்டாப்புகளும் இருக்கின்றன. போன் சார்ஜருக்கு வந்த டைப் சி கேபிள் பெரும்பாலும் 2.0 வேகத்துக்கானதுதான். ஆயிரக்கணக்கில் கொடுத்து எஸ்எஸ்டி வாங்கி, அதை இந்த கேபிளில் மாட்டிவிட்டு "சரக்கு போலி" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. கூடவே வந்த குட்டைக் கேபிளையே பயன்படுத்துங்கள். அது குட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு: நீளம் கூடக் கூட இந்த வேகத்தில் சிக்னல் சிதையும்.

எந்த டிரைவ், எந்த வேலைக்கு

2.5 அங்குல போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் புதிதாக இருக்கையில் நொடிக்கு 100 முதல் 140 எம்பி தரும். ஆனால் இன்று கிடைப்பவற்றில் பல எஸ்எம்ஆர் வகை. கூரையில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதி ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு ஓட்டை மாற்ற அடுத்த வரிசையையும் பிரிப்பது போல, ஒரு இடத்தில் திருத்தி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுதியாக வேண்டும். அதனால் முதல் சில ஜிபி வேகமாகப் போய், பிறகு திடீரென்று 30, 40 எம்பிக்கு இறங்கும். பழுது என்று பதற வேண்டாம், அதன் குணம் அப்படி. ஒரு முறை எழுதி வைத்துவிட்டு எப்போதாவது எடுத்துப் பார்க்கிற சரக்குக்கு இது போதும், விலையும் குறைவு. அதன் மேலேயே வீடியோ எடிட்டிங் செய்ய உட்காராதீர்கள்.

தினமும் வேலை செய்ய எஸ்எஸ்டிதான். சாட்டா வகையில் 400, 500 எம்பி. அதைவிட வேகமான என்விஎம்இ வகையை 10 ஜிபிபிஎஸ் கேஸில் போட்டால் 1,000 எம்பி. கேஸும் எஸ்எஸ்டியும் தனித்தனியாக வாங்குகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. எம்.2 வடிவத்தில் சாட்டாவும் இருக்கிறது, என்விஎம்இயும் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே சூயிங்கம் பட்டை. முனையில் வெட்டு ஒன்று இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. என்விஎம்இ கேஸில் சாட்டா பட்டையைச் செருகினால் லைட் எரியும், டிரைவ் வராது. இரண்டையும் ஏற்கும் கேஸ்களும் உண்டு. ரியல்டெக் 9210பி சிப் உள்ளதா என்று கேட்டு வாங்கலாம்.

மலிவான எஸ்எஸ்டிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் வேகம் கேஷ் (வேகமாக எழுத ஒதுக்கிய தற்காலிக இடம்) நிறையும் வரைதான். க்யூஎல்சி என்கிற மலிவான சில்லு வகையில் கேஷ் தீர்ந்ததும் எழுதும் வேகம் ஹார்டு டிஸ்குக்குக் கீழேகூட இறங்கும். அசைன்மென்ட் ஃபைல்களை வைக்கிற மாணவருக்கு இது தெரியவே தெரியாது. ஒரே மூச்சில் 300 ஜிபி கொட்டுகிற ஸ்டுடியோக்காரருக்குத் தெரியும்.

பென் டிரைவையும் மெமரி கார்டையும் நிரந்தர இடமாக எண்ண வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்று வருபவை பச்சைப் பொய். உள்ளே 32 அல்லது 64 ஜிபி சில்லு. கன்ட்ரோலரை மட்டும் 2 டிபி என்று சொல்ல வைத்திருப்பார்கள். அந்த அளவு தாண்டியதும் ஃபைலின் பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. புது டிரைவ் எதுவானாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள். டிரைவ் முழுவதையும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 1 டிபி ஹார்டு டிஸ்குக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும் என்பதால் இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கத்திரியும் கரண்ட்டும்

பல போர்ட்டபிள் ஹார்டு டிஸ்குகளின் விவரத்தாளில் இயங்கும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும். டிஸ்கைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பம் அது. கத்திரி வெயிலில் வேலூரில் வெளியே 40ஐத் தாண்டுவது சாதாரணம். மொட்டை மாடிக்கு நேர் கீழே ஏசி இல்லாத அறையில் பிற்பகலில் 35க்குக் கீழே எங்கே இருக்கிறது? ஆக, அந்த அறையில் மதியம் இரண்டு மணிக்கு நான்கு மணி நேரக் காப்பி போடுவது விவரத்தாளுக்கு வெளியே போய் வேலை வாங்குவதாகும். உடனே செத்துவிடாது. ஆனால் ஆயுள் அங்கேதான் கரைகிறது. பெரிய காப்பிகளை விடியற்காலையிலோ இரவிலோ போடுங்கள். மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். லேப்டாப்பின் சூடான காற்று வெளியேறும் பக்கத்தில் டிரைவை வைப்பதும் பலர் கவனிக்காமல் செய்கிற தவறு.

என்விஎம்இ கேஸ் இன்னும் சுடும். அலுமினிய உடம்பும், சில்லுக்கும் மூடிக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேடும் இருக்க வேண்டும். பேடின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மூடிவிட்டு, சுடுகிறது என்பவர்களும் உண்டு. 70, 80 டிகிரியை நெருங்கினால் எஸ்எஸ்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேஸ் கையைச் சுடுகிறது என்றால் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, அது நல்லது. வேகம் பாதியாகக் குறைந்தும் கேஸ் சில்லென்றிருந்தால்தான் பேட் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

சும்மா வைத்திருக்கும்போதும் வெயில் கணக்கில் வரும். எஸ்எஸ்டியில் தகவல் மின்னூட்டமாகச் சிறைப்பட்டிருக்கிறது. மின்சாரம் இல்லாமல் நாளாக ஆக அது கசியும், சூட்டில் வேகமாகக் கசியும். சில்லுத் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரத்தின்படி, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்துபோன வீட்டு உபயோக எஸ்எஸ்டி 30 டிகிரியில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தாங்க வேண்டும். புது டிரைவ் அதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனாலும் கல்யாண ஃபோட்டோக்களை எஸ்எஸ்டியில் போட்டு, மாடிக்கு அடியில் தகிக்கிற பரணில் ஐந்து வருடம் மறந்துவிடுவது சரியான யோசனை அல்ல. வருடக் கணக்கில் தூங்க வேண்டிய சரக்குக்கு ஹார்டு டிஸ்க், அதுவும் வீட்டின் கீழ்த்தளத்து பீரோவில். ஹார்டு டிஸ்குக்கு வெயிலைவிட அடி ஆகாது. சுற்றிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் படித்து எழுதும் ஹெட் தட்டின் மேல் உரசும். அதற்குப் பிறகு அந்த டிஸ்கை மீட்க தூசியே இல்லாத சுத்த அறை வசதி உள்ள இடம் தேட வேண்டும். வாரன்டியில் புது டிஸ்க் வரும், படங்கள் வராது.

கரண்ட் விஷயத்தில் டிஸ்கின் அளவு முக்கியம். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் மட்டும் அந்த நொடியே நின்றுவிடும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் அறும். இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் இடைவெளி சில அடாப்டர்களுக்கு அதிகம். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள், மாறும் நேரம் குறையும். கரண்ட் அடிக்கடி போகும் பகுதியில் இருப்பவர்களுக்கு, லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் 2.5 அங்குலமோ எஸ்எஸ்டியோதான் எங்கள் சிபாரிசு.

அதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் எல்லாம் தொங்குகிற மலிவான ஹப்பில் இதையும் மாட்டினால் டிக் டிக் என்று சத்தம் வந்து, டிரைவ் வருவதும் போவதுமாக இருக்கும். டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் ஹப்பைக் கழற்றி நேராக லேப்டாப்பில் மாட்டிப் பாருங்கள்.

ஃபார்மேட், பிறகு நகர்த்துவது

விண்டோஸில் மட்டும் ஓடும் டிரைவ் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்குக்கும் போக வேண்டுமானால் எக்ஸ்ஃபேட், ஏனென்றால் மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (எழுதும் வேலையைக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. எழுதும் நடுவில் கேபிள் ஆடினால் ஃபைல் பட்டியலே குழம்பலாம். ஃபேட்32 இந்த வேலைக்கு ஆகாது, 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் நுழையாது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் பார்ட்டிஷன் முறையை ஜிபிடி என்று தேர்ந்தெடுங்கள்; எம்பிஆர் என்றால் மிச்ச இடம் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து டிரைவுக்கு ஒரு நிலையான எழுத்து. விண்டோஸ் அன்றன்றைக்குக் காலியாக இருக்கும் எழுத்தைக் கொடுக்கும். நேற்று ஈ ஆக இருந்தது இன்று பென் டிரைவ் முந்திக்கொண்டால் எஃப் ஆகிவிடும், படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் படங்களைக் காணோம் என்று கேள்விக்குறி போடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, எழுத்து மாற்றும் இடத்தில் கடைசி எழுத்துகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

வெளியே போகலாம் என்பவை: முடிந்த ப்ராஜெக்ட்கள், மூலப் படங்கள், வீடியோ, சினிமா, ஸ்டீம் கேம்கள், விர்ச்சுவல் மெஷின்கள் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்). கடைசி இரண்டும் எஸ்எஸ்டியில் மட்டும். உள்ளேயே இருக்க வேண்டியவை: சாஃப்ட்வேர்கள், லைட்ரூம் கேட்லாக் (படங்களின் பட்டியல் ஃபைல்), மெயில் ஃபைல்கள், கணக்கு மென்பொருளான டேலியின் தரவு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிகளின் கணக்காளர்கள் கடைசியைக் கவனிக்க வேண்டும். டேலி டேட்டா ஃபோல்டரை வெளி டிரைவில் வைத்து நேரடியாக வவுச்சர் போடக் கூடாது. ஒரு நொடி கேபிள் தளர்ந்தாலும் கம்பெனி திறக்காமல் போகலாம். பேக்கப் மட்டும் வெளியே போகட்டும்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களின் இருப்பிடத்தையே வெளி டிரைவுக்கு மாற்றச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. டிரைவை மாட்டாமல் ஒரு நாள் லேப்டாப்பைத் திறந்தால் விண்டோஸ் இருப்பிடம் இல்லை என்று தடுமாறும். ஒன்டிரைவ் வேறு இருந்தால் இன்னும் சிக்கல். வெளி டிரைவில் வருடம், வேலை என்று நீங்களே ஃபோல்டர் போட்டு நகர்த்துவது எளிது.

நகர்த்தும்போது கட் வேண்டாம், காப்பி. முடிந்ததும் இரு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையையும் அளவையும் ப்ராபர்டீஸில் ஒப்பிட்டு, நடுவிலிருந்து நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகே உள்ளே இருப்பதை அழியுங்கள். காப்பி செய்யும் மென்பொருளான டெராகாப்பியில் வெரிஃபை வசதி இருக்கிறது. இலட்சக்கணக்கில் பொடி ஃபைல்கள் இருந்தால் எந்த டிரைவும் மெதுவாகும். ஜிப் ஆக்கி அனுப்பினால் நேரம் மிச்சம். காப்பி ஓடும்போது மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், காப்பியும் நின்றுவிடும்.

உள்ளே இருப்பதை அழித்த அந்த நிமிடம் முதல் வெளியே இருப்பது ஒரே நகல். நிறையப் பேர் எக்ஸ்டர்னல் டிஸ்கையே பேக்கப் என்று சொல்கிறார்கள். இரண்டாவது டிஸ்க் ஒன்று வேறு வீட்டில் இருந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். பட்ஜெட் போடும்போதே இரண்டுக்கும் சேர்த்துப் போடுங்கள். 2 டிபி ஒன்றைவிட 1 டிபி இரண்டு மேல்.

விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவுகள் தாமாகவே விரைவாகக் கழற்றும் நிலையில் இருக்கும். ஆனாலும் ஹார்டு டிஸ்கை எஜெக்ட் கொடுத்து, சுழற்சி நின்ற பிறகே தூக்குங்கள். டிரைவை மாட்டியதும் வயர்லெஸ் மவுஸ் தத்தளிக்கிறது என்றால் மவுஸில் பழுது இல்லை: யூஎஸ்பி 3.0 கேபிளும் இணைப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். மவுஸின் ரிசீவரை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

வருடத்துக்கு இரண்டு தடவை, சித்திரைக்கு முன் ஒன்று, ஆயுத பூஜைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு எல்லா டிரைவையும் மாட்டி, டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். ஹார்டு டிஸ்கில் மூன்று வரிகள் போதும். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்றி வைக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்). சின்ன எண்ணில் நின்றுவிட்டால் கவனித்து வரலாம், தடவைக்குத் தடவை ஏறினால் வேறு டிஸ்க் வாங்க வேண்டும். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள். பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் அன்றே காப்பி எடுங்கள், முதலில் முக்கியமானவற்றை. சி7 மட்டும் ஏறுகிறது என்றால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள், தகவல் போகிற வழியில் எங்கோ தளர்ச்சி. கேஸைத் திறந்து டிஸ்கை அழுத்திப் பொருத்தி, யூஎஸ்பி கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.